காற்றைப் படிக்கச் சம்பளம்

ஓல்டன்பர்க்கில் மலை இல்லை. பேருக்கு ஒரு மேடுகூட இல்லை. பிரேமனைத் தாண்டிய பிறகு ரயில் ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, மாடுகள், வாய்க்கால், செங்கல் வீடு, மறுபடியும் புல்வெளி. நான் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு மலை எதிரே நிற்கப் பார்த்தே வளர்ந்தவள். பார்வை போய் முட்ட ஒன்றுமே இல்லாத அந்த வட ஜெர்மன் சமவெளியைப் பார்த்து வாயடைத்துப் போனேன். வானம் இறங்கித் தரையைத் தொடும் இடம்வரை தெரிந்தது. அந்த விளிம்பில் வெள்ளைக் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

நடைமேடையில் இறங்கியதும் காற்று அடித்தது. வட கடலிலிருந்து புறப்பட்டு வழியில் எதிலும் மோதாமல் வரும் காற்று. முந்தானையையும் கோட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் மகள் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"என்னத்தை, நம்ம ராமக்கல்மேட்டுக் காத்து மாதிரி இருக்கா?"

"இல்லையே தாயி. அங்க விட்டு விட்டு முட்டும். இது ஒரே சீரா தள்ளுது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த வித்தியாசத்தைத்தான் அத்தை நான் இங்க உக்காந்து அளந்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

இராமக்கல்மேடு இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாறை மேல் ஏறி நின்றால் கீழே தேனி மாவட்டத்துத் தோப்புகளும் ஊர்களும். ஓயாத காற்று, அதனால் அங்கே காற்றாலைகள். நாங்கள் கேரளத்துக்காரர்கள், வீட்டில் தமிழ். உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. பாலக்காட்டில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் உண்டு. அப்படியொரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அண்ணி காய் எடுக்கப் போவார். அண்ணனுக்கு ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலை. அவர்கள் மகள் பத்தாம் வகுப்புவரை தமிழில்தான் இயற்பியல் படித்தாள்.

முதுநிலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது பாலக்காடு ஐஐடியில். 2015-இல் தொடங்கிய நிறுவனம் அது. வளாகம் கஞ்சிக்கோட்டில், வாளையாறு எல்லைக்குப் பக்கம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்துக்கு விலகி வழிவிட்டிருக்கிறதே, அந்தப் பாலக்காட்டுக் கணவாயின் வாசல். ஆடி மாதத்தில் கோயம்புத்தூரும் பல்லடமும் உடுமலையும் வாங்கும் காற்று இந்த வழியாகத்தான் போகிறது. 1990-களில் கேரள மின்வாரியம் காற்றாலைகளை நட்டதும் கஞ்சிக்கோட்டில்தான். பிறந்த ஊரிலும் படித்த ஊரிலும் கண்ணெதிரே காற்றாலை சுற்றிக்கொண்டிருந்த பெண், காற்றையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு ஒரு தூர தேசத்து அரசுப் பல்கலைக்கழகம் மாதச் சம்பளம் தருகிறது என்றதுதான் வியப்பு.

போய்ச் சேர்ந்த அன்று இரவே அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். ஊரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! "ஜெர்மனிக்குப் படிக்க அனுப்ப எவ்வளவு கடன் வாங்கினீங்க?" வாங்கவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வேலை ஒப்பந்தத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பல்கலைக்கழகம் முதலாளி, இவள் ஊழியர். ஜெர்மன் மாநிலங்களின் அரசு ஊழியர் ஊதிய அட்டவணையில் 13-ஆவது பிரிவு. முழு வேலையாக இருந்தால் தொடக்கச் சம்பளமே பிடித்தங்களுக்கு முன் மாதம் 4,500 யூரோவைத் தாண்டும். இவளுடையது முக்கால் வேலை. இயற்பியல், வேதியியல், உயிரியல் துறைகளில் பாதி முதல் முக்கால்வரை தருவதுதான் வழக்கம். பொறியியலில் பெரும்பாலும் முழு வேலையே கிடைக்கும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் அதில் எழுதியிருந்தது.

"லீவு எடுக்கலைன்னா ஏன் எடுக்கலைன்னு கேப்பாங்க அத்தை."

எனக்கு அண்ணியின் நினைவு வந்தது. மழை பெய்து காய் எடுப்பு நின்றால் அன்றைய கூலியும் நின்றுபோகும் வாழ்க்கை அவருடையது. அவர் வயிற்றில் பிறந்தவள் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டுகிறாள். அந்தத் தாளை நான் இன்னொரு முறை படித்தேன்.

வழி இது ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மன் ஆய்வு நிதிக் கழகம் பணம் தரும் ஆய்வுக் குழுக்களில் பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே தலைப்பைச் சுற்றிச் சேர்த்துக்கொள்வார்கள். மாக்ஸ் பிளாங்க் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆய்வுப் பள்ளிகளை நடத்துகிறது. 1925-இல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனம் உதவித்தொகை தருகிறது. ஆனால் அறிவியலிலும் பொறியியலிலும் அதிகம் பேர் போவது இவள் போன வழியில்தான். ஒரு பேராசிரியருக்கு ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் வருகிறது, அதற்கு ஆள் தேவை, பல்கலைக்கழகம் வேலை அறிவிப்பு விடுகிறது. விண்ணப்பித்தால் நேர்காணல். அவளுடைய நேர்காணல் வீடியோவில் நடந்தது. முதுநிலை ஆய்வேட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்களாம். பிறகு, "இதில் உங்களுக்கே புரியாமல் இருப்பது எது?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்கு அவள் நீண்ட நேரம் பதில் சொல்லியிருக்கிறாள்.

கல்விக் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்துகொண்டால் அரையாண்டுக்கு ஒருமுறை சில நூறு யூரோ, அவ்வளவுதான். இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுத எனக்கொரு காரணம் உண்டு. எங்கள் மலைப் பக்கத்தில் ஒரு பையனிடம் ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கித் தருகிறோம் என்று ஓர் ஏஜென்சி லட்சக்கணக்கில் கேட்டது. அவன் அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கும் அளவுக்குப் போய்விட்டார். வேலைக்கு விண்ணப்பிக்க எவரும் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியம் கம்பம் மெட்டிலிருந்து வேலந்தாவளம்வரை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மறுநாள் அவள் என்னைக் காற்றுச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனாள்.

ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் 1970-களில் பிறந்தது. ஹிட்லர் ஆட்சியின் வதைமுகாமில் சித்திரவதைப்பட்ட, 1935-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பெற்ற கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கியின் பெயரைத் தாங்கியது. ஹனோவர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2003-இல் காற்றாற்றல் ஆய்வு மையம் ஒன்றை அமைத்தது. பிரேமன் பின்னர் சேர்ந்துகொண்டது. அந்த மையத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்துக்குக் குறுக்குவெட்டு மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், நீளம் 30 மீட்டர். உள்ளே நின்றால் நம் ஊர்ப் பள்ளி வகுப்பறைகள் மூன்று நான்கை நீளவாக்கில் சேர்த்துச் சுவரை இடித்துவிட்டதுபோல இருக்கிறது. ஒரு முனையில் விசிறி. மற்றொரு பக்கம், காற்று நுழையும் வாயில் முழுக்கக் கம்பிச் சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் சின்னச் சின்னத் தகடுகள். கம்பியைச் சுழற்ற மோட்டார்கள்.

விமானத்துக்கும் காருக்கும் கட்டும் காற்றுச் சுரங்கங்களில் காற்றை எவ்வளவு மிருதுவாக்க முடியுமோ அவ்வளவு மிருதுவாக்குவார்கள். இங்கே நல்ல காற்றை வேண்டுமென்றே கலைக்கிறார்கள். வெளியே கம்பத்தில் கருவி வைத்து அளந்த நிஜக் காற்றின் ஏற்ற இறக்கங்களைக் கணினியில் ஏற்றி, அந்தத் தகடுகளைத் திறந்து மூடி, அதே துள்ளலைச் சுரங்கத்துக்குள் உண்டாக்குகிறார்கள். கடலோரக் காற்று வேண்டுமா, மலைமுகட்டுக் காற்று வேண்டுமா, இரண்டும் வரும். விசிறியை மெதுவாக ஓடவிட்டு என்னை உள்ளே நிற்கச் சொன்னாள். முதலில் சீராகத் தள்ளியது. பிறகு தகடுகள் படபடக்கத் தொடங்கின. தோளில் ஒரு முட்டு, ஓய்வு, கன்னத்தில் ஒரு முட்டு. கண்ணை மூடிக்கொண்டேன். ஏலச்செடி வாசம் மட்டும்தான் இல்லை!

மனித முடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பி ஒன்றை மின்சாரத்தால் சூடாக்கிக் காற்றில் வைக்கிறார்கள். காற்று பட்டால் கம்பி குளிரும். அது குளிரும் அளவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பதிவு செய்து காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கம்பி அறுந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் அவள் சுவாசத்தைக்கூட அடக்கிக்கொண்டு அதைப் பொருத்துகிறாள்.

காற்றின் துள்ளலைப் படிக்க இவ்வளவு பாடு எதற்கு? காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. ஒரு நொடியில் வேகம் தாவினால் இறக்கையின் மேல் விழும் அடியும் மின் உற்பத்தியும் சேர்ந்து தாவும். ஒரு காற்றாலையின் பின்னால் நிற்கும் காற்றாலைக்கு வருவதோ முன்னது பிழிந்துவிட்டு அனுப்பிய, வேகம் குறைந்து சுழித்துப்போன காற்று. அந்தக் காற்றாலையின் ஆயுள் எவ்வளவு, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இருக்கிறது. 1983-இல் வட கடலோரத்தில் குரோவியான் என்று மூன்று மெகாவாட் காற்றாலை ஒன்றை எழுப்பினார்கள். இறக்கைச் சக்கரத்தின் விட்டம் 100 மீட்டர், அக்காலத்து உலகில் மிகப் பெரியது. காற்றின் அடியைத் தாங்காமல் கொஞ்ச நேரமே ஓடி, 1987-இல் கைவிடப்பட்டது. அந்தத் தோல்வியை மறைக்காமல் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது. பின்னாளில் போர்க்கும் தீவுக்கு வடக்கே 45 கிலோமீட்டர் தள்ளி, ஆழக் கடலில் ஆல்ஃபா வெண்டுஸ் என்ற முதல் ஜெர்மன் கடல் காற்றுப் பண்ணையை 2010-இல் ஓட்டிக் காட்டினார்கள்.

அந்த வாரம் அவளோடு வேலை பார்க்கும் ஈரானிய இளைஞருக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார்கள், நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் அவர் பேசினார். பிறகு கேள்விகள். ஒரு பேராசிரியர் விடாமல் கேட்டார், இளைஞரும் விடாமல் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். நடுவர்கள் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்து முடிவைச் சொன்னதும் கதவு திறந்து, நண்பர்கள் ஓர் அட்டைத் தொப்பியோடு உள்ளே நுழைந்தார்கள். ஆய்வுக் குழு பல நாள் இரவில் ஒளிந்து ஒளிந்து செய்த தொப்பி அது. உச்சியில் சுற்றும் குட்டிக் காற்றாலை, பக்கத்தில் அறுந்த கம்பி, அவர் ஓயாமல் குடிக்கும் தேநீர்க் கோப்பை, ஒரு சைக்கிள். அவர் வாழ்ந்த ஆய்வு வாழ்க்கை முழுதும் தலைமேல். அவருடைய அம்மா தெஹ்ரானிலிருந்து வீடியோவில் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன்.

அன்றைக்கே அவர் டாக்டர் என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆய்வேட்டை வெளியிட்டு நூலகத்தில் சேர்த்த பிறகுதான் பட்டம் கையில் வரும். எழுதியது எவரும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் 2011-இல் ஒரு பாதுகாப்பு அமைச்சரின் ஆய்வேட்டில் பிறர் எழுதியதைத் திருடியது வெளிப்பட்டு, அவர் பட்டத்தையும் பதவியையும் இழந்தார். பட்டத்தின் மீது ஒரு சமூகம் வைக்கும் மரியாதைக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறிக் கோட்டிங்கன் போனோம். காற்றாலைக்காரர்களுக்கு அது கோயில் ஊர். லுட்விக் பிராண்டல் 1907-இல் அங்கே காற்றியக்க ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அவரிடம் வந்து சேர்ந்த ஆல்பர்ட் பெட்ஸ், குறைந்த ஆற்றல் இழப்புள்ள உந்துவிசிறியைப் பற்றி எழுதி 1919-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அந்தச் சிந்தனையிலிருந்தே மறு ஆண்டில் இன்னொன்றைச் சொன்னார். காற்றிலிருந்து எந்த இயந்திரமும் எடுக்கக்கூடிய ஆற்றலுக்கு மேல்வரம்பு 27-இல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதம். முழுவதையும் உறிஞ்சினால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும், அடுத்து வரும் காற்றுக்கு வழியிருக்காது. போகும் காற்று வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு போக வேண்டும். இங்கிலாந்தில் லான்செஸ்டரும் ரஷ்யாவில் ஷூகோவ்ஸ்கியும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். இராமக்கல்மேட்டில் சுற்றுவதும் இந்த வரம்புக்குக் கட்டுப்பட்டுத்தான்.

ஊர் நடுவே ஒரு நீரூற்று. 1901-இல் வைத்த வாத்துக்காரச் சிறுமியின் வெண்கலச் சிலை. அங்கே பட்டம் வாங்கியவர்கள் ஏறி அவள் கன்னத்தில் முத்தமிட்டுப் பூங்கொத்து வைப்பது வழக்கம். நாங்கள் போனபோது புதுப் பூக்கள் இருந்தன. ஆனால் எனக்குப் போக வேண்டியிருந்தது நகரக் கல்லறைக்கு. அங்கே இயற்பியலாளர் மாக்ஸ் போர்னின் கல்லில் குவாண்டம் இயந்திரவியலின் அடிப்படைச் சமன்பாடு ஒன்று பொறித்திருக்கிறது. யூதர் என்பதற்காக 1933-இல் கோட்டிங்கன் அவரை வேலையிலிருந்து விலக்கியது. சி.வி. ராமன் அழைப்பில் 1935-இல் பெங்களூருக்கு வந்து அரையாண்டு இருந்தார் போர்ன். ராமன் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முயன்றும் நடக்கவில்லை. பின்னாளில் வைரத்தின் நிறமாலையை எப்படி விளங்கிக்கொள்வது என்று அந்த இருவருக்கும் இடையே பெரிய விவாதம் மூண்டது.

அந்த வைரங்களை இருட்டறையில் இரவெல்லாம் ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தவர் எங்கள் இடுக்கிக்காரர். 1918-இல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி. எட்டாவது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வீட்டில் வைரத் தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-இல் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஒரு படத்துக்குப் பதினைந்து இருபது மணி நேரம் ஒளிபட வைக்க வேண்டும். 1942-இலிருந்து 1945-க்குள் வைரமும் மாணிக்கமும் ஒளிர்வது பற்றித் தனியாளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். முதுநிலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த ஆய்வேடு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஏடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

போர்னின் கல்லறையின் முன் நின்று அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே அன்னா மணி வருகிறார். ஏனென்றால் லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றுத் திரும்பி, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்ற பின்பும், இந்தியாவில் எங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்று ஊர் ஊராக அளந்து தொகுத்தவர் அவர். நம் நாட்டுக் காற்றாலைகளுக்கு அடித்தளம் இட்ட அளவைகள் அவை. பட்டம் இல்லாமலே அவர் செய்தது அது. இருந்தாலும் அந்த மறுப்பு எனக்கு வலிக்கிறது. கணிதவியலாளர் எம்மி நோதரைப் பெண் என்பதால் விரிவுரையாளராக ஏற்க கோட்டிங்கனும் 1919 வரை இழுத்தடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைக்கும் குறை இல்லாமல் இல்லை. அண்ணன் மகளே சொன்னாள். சம்பளம் முக்கால், வேலை முழுசு. ஒப்பந்தம் மூன்றாண்டு, நீட்டிப்பு கிடைத்தால் உண்டு. 2007-இல் வந்த சட்டப்படி பட்டத்துக்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு மட்டுமே இப்படித் தற்காலிகமாக வைத்திருக்கலாம். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். 2021-இல் ஜெர்மனி முழுதும் இளம் ஆராய்ச்சியாளர்கள் ஹன்னா என்ற கற்பனைப் பெண்ணின் பெயரில் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் தனியே இருப்பதும் லேசான காரியமில்லை. அவள் சமையலறையில் அண்ணன் உலர்த்திக் கொடுத்த ஏலக்காய் ஒரு டப்பா இருக்கிறது. தேநீருக்கு அதைத் தட்டும்போது பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டுவாளாம், கிறிஸ்துமஸ் பலகார வாசனை என்று.

நான் புறப்படுவதற்கு முந்தைய நாள், அவள் குழுவில் இன்னோர் இடத்துக்கு அறிவிப்பு வந்தது. மலைப்பாங்கான நிலத்தில் காற்றின் கொந்தளிப்பு. அவள் ஆங்கிலத்தில் படிக்கப் படிக்க நான் தமிழில் குறித்துக்கொண்டேன், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் கஞ்சிக்கோட்டில் படிக்கும் கொழிஞ்சாம்பாறைப் பெண் ஒருத்திக்கு அனுப்பவும். இயற்பியலிலோ இயந்திரவியலிலோ முதுநிலைப் பட்டம். அளவைக் கருவிகளோடும் நிரலெழுத்தோடும் பழக்கம். ஆங்கிலம் கட்டாயம், ஜெர்மன் வந்த பிறகு கற்கலாம். மதிப்பெண் பட்டியல், ஏன் இந்த ஆய்வு என்று ஒரு பக்கக் கடிதம், பரிந்துரைக்க இரண்டு ஆசிரியர்களின் பெயர். தகுதி சமமாக இருந்தால் பெண்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பக் கட்டணம் இல்லை.